குழாயில் நீலப் புள்ளிகள்

ஜூலை 11, வெள்ளி. விடாத மழை.

இது யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து மூடிவையுங்கள். யாரிடமும் காட்டாதீர்கள். அம்மாவிடம்கூட.

யூனிபார்ம் காயவில்லை. திங்கள் கெமிஸ்ட்ரி டெஸ்ட். ஒன்றும் ஏறவில்லை.

சிந்து இன்றும் பள்ளிக்கு வரவில்லை. அவள் அப்பா, எங்கள் அப்பாவோடு பட்டறையில் வேலை செய்யும் ராஜு மாமா, ஆஸ்பத்திரியில், இரண்டு கண்ணிலும் கட்டு. எங்கள் அப்பா வெல்டிங் செய்து ஆசிட் கம்பெனிக்குக் கொடுத்த டைட்டானியம் குழாய். ஒழுகுகிறது என்று பார்க்கப் போனவர் முகத்தில் சூடான ஆசிட்.

டைட்டானியம் என்றால் அப்பாவுக்கு எவ்வளவு பெருமை! "கண்ணுக்குத் தெரியாத தோல் ஒண்ணு உண்டு மக்கா அதுக்கு. கீறினாலும் தானா மூடிக்கும்." இன்று அவர் சாப்பிடவே இல்லை.

ஜூலை 12, சனி

மிச்சமிருந்த குழாயில் கம்பெனிக்காரர்கள் மருந்து தடவிப் பார்த்தார்களாம். இரும்புத் தூள் ஒட்டியிருந்தால் நீலமாகும். வெல்டிங் ஓரமெல்லாம் நீலப் புள்ளி.

சாயங்காலம் பட்டறை முதலாளி வந்தார். அம்மா கடைக்குப் போயிருந்தாள். நான் உள்ளறையில்.

"எடோ, இரும்பு பிரஷ் போட்டுத் தேய்ச்சது ராஜுன்னு சொன்னா மதி, அது போதும். திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் கேப்பாரு."

"அவனுக்குக் கண்ணு போச்சு முதலாளி."

"அதான் சொல்றேன். இனி அவன் எங்க பாக்கப்போறான்?"

சிரித்தார். அப்பா குடையை எடுத்து அவரைத் தெருவரை கொண்டுவிட்டார்.

தேய்த்தது யாரென்று எனக்குத் தெரியும். அந்தக் குழாய் வெல்டிங் நடந்த அன்று பட்டறைக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். டைட்டானியத்துக்கென்று தனியாக வைத்திருந்த பிரஷ் தேய்ந்துபோய், அப்பா இரும்பு கேட் தேய்க்கும் பிரஷை எடுத்தார்.

"வேண்டாம் அண்ணாச்சி, இரும்பு ஒட்டும். அந்த இடத்துல தோல் நிக்காது," ராஜு மாமா.

"ஆசிட்ல கழுவும்போது போயிரும்டே."

கழுவவே இல்லை. குழாயை ஏற்றிப்போக லாரி வந்து நின்றுவிட்டது.

ஜூலை 13, ஞாயிறு

அம்மாவுடன் ஆஸ்பத்திரி. ரொட்டி, ஆரஞ்சு. ராஜு மாமா என் குரலை வைத்துக் கண்டுபிடித்தார்.

"அண்ணாச்சி வரலியா?"

"வேலை," என்றாள் அம்மா.

"வரட்டும், மெதுவா. அவரு இருக்கும்போ எனக்கென்ன. நடந்ததைச் சொல்லுவாரு."

வராந்தாவில் சிந்துவிடம் சொல்லிவிட்டேன். எல்லாம். பிரஷ், முதலாளி. அவள் அழவில்லை. என் கையை மட்டும் விட்டுவிட்டாள்.

இப்போது அப்பா நாளைக்குப் போடச் சட்டை தேய்க்கிறார். "சிந்து எப்படி இருக்கா மக்கா?" நல்லா இருக்கா என்றேன்.

கதவைத் தட்டுகிறார்கள். சிந்துவின் அம்மா. எப்போதும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவாள். இப்போது அப்பாவின் பேரைச் சொல்லிக் கத்துகிறாள்: "இரும்பு பிரஷ் போட்டது யாருன்னு சொல்லு!"