கிடாய் விருந்தும் உப்புத் தண்ணீரும்

மாப்ள,

பக்கத்துத் தெருவில் மல்லி வறுக்கிறார்கள். அந்த வாசம் வந்ததுமே உன் ஞாபகமும் கோபமும் ஒன்றாக வந்துவிட்டன. நாளைக்கு அதிகாரிகள் வருகிறார்கள். ஊர் மறுபடியும் கறிச்சோறு ஆக்கத் தயாராகிவிட்டது.

போன தடவையும் இப்படித்தான். பின்தங்கிய வட்டாரம் என்று அரசாங்கப் பட்டியலில் பேர் ஏறினால் சலுகை கிடைக்கும், சலுகைக்காக மில் வரும், நம் பையன்கள் வேலை தேடிக் கோயம்புத்தூருக்கு ஓட வேண்டாம் என்று நீதான் ஊரைக் கூட்டிச் சொன்னாய். பார்க்க ஆள் வருகிறது என்றதும் நீயே முன்னால் நின்று கிடாய் வெட்டினாய். மதுரைக் காளவாசலில் இருந்து டியூப் லைட்டும் மடக்கு நாற்காலியும் வாடகைக்கு வந்தன. குடிக்கக் கலர் சோடா. வந்தவர்கள் ஏப்பம் விட்டுக்கொண்டே, செழிப்பான ஊர் என்று எழுதிக்கொண்டு போனார்கள். இல்லாமையைப் பார்க்க வந்தவர்களுக்குச் சம்பந்தி விருந்து போட்ட ஊர் நம் ஊராகத்தான் இருக்கும்.

பட்டியலில் நம் பேர் இல்லை. அந்த வாரமே உன் தம்பி கோயம்புத்தூர் பஸ் ஏறினான். பஸ் போன பிறகும் நீ ரோட்டிலேயே நின்றாய். "நம்ம வாயில நாமளே மண்ணப் போட்டுக்கிட்டோம் மாப்ள. அவுகள திரும்ப வர வைப்பேன். இல்லாதத இல்லைன்னே காட்டுவேன்" என்றாய்.

அதற்குப் பிறகு மதுரை ஆபீசுக்கு நீ நடந்த நடைக்கு எந்தச் செருப்பும் தாங்கவில்லை. மறுபடி வந்து பார்க்கிறோம் என்று அவர்கள் ஒப்புக்கொண்டபோது நீ இல்லை. தை மாதம் நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோய்விட்டது. அதை இன்னும் என்னால் பொறுக்க முடியவில்லை.

இதுவரை எழுதி வைத்துவிட்டு, மல்லி வறுக்கிற வீட்டுக்குப் போய் அடுப்பை அணைக்கச் சொன்னேன். ஊர்ப் பெரியவர் சண்டைக்கு வந்தார். "வந்தவுகளுக்கு வெறுந் தண்ணியக் குடுத்தா ஊரு மானம் என்னத்துக்கு ஆகும்?"

"பயலுக அம்புட்டுப் பேரும் ஊர விட்டுப் போனப்ப போகாத மானமாண்ணே?"

அவரே குனிந்து அடுப்பு விறகை வெளியே இழுத்தார். அவர் மகனும் போனவன்தான்.

நாளைக்குப் பந்தல் இல்லை, நாற்காலி இல்லை. வெடித்துக் கிடக்கும் கண்மாய்க்குள் அவர்களை நடத்திக் கூட்டிப் போவேன். பிறகு உன் வீட்டுக் கிணற்றில் இறைத்து, நாம் தினமும் குடிக்கிற உப்புத் தண்ணீரைச் சொம்பில் கொடுப்பேன். முகத்தைச் சுளித்துக் கீழே வைத்தால், மறுபடி எடுத்து நீட்டுவேன்.