மொட்டையடித்த ஆப்பிள் மரம்

மார்ச் 4

என் செல்லத் தங்கைக்கு அக்கா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம், என் மூட்டுவலியும் சேர்த்து. நீ கொடுத்த ஆப்பிள் கன்று என் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டது. இலைக்குக் குறைவில்லை. பூதான் ஒன்றுகூடக் கிடையாது. நீ அங்கே கூடை கூடையாகப் பறிக்கிறாய். எனக்கு மட்டும் பூக்காததாகப் பொறுக்கிக் கொடுத்தாயா?

தெரு முழுக்க ஆப்பிள் தருவதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். எதிர்வீட்டு டீச்சர், "என்ன பெரியம்மா, பழம் மரத்துலயா, கடையிலயா?" என்று தினமும் கேட்கிறாள். என் மகனோ, "இந்த வருஷமும் பூக்கலேன்னா வெட்டிட்டு அங்க காரை நிறுத்துவேம்மா" என்று சொல்லிவிட்டான்.

கதை வேண்டாம். வழி சொல்.

உன் அக்கா

மார்ச் 19

அன்புள்ள அக்கா,

கோபத்திலும் உன் கையெழுத்து முத்து முத்தாகத்தான் இருக்கிறது.

மரத்தின் மேல் குற்றமில்லை. அது குளிர்மலையில் பிறந்த சாதி. இங்கே பனி இறங்கினால் தானே இலையைக் கொட்டித் தூங்கிவிடும். வெயில் திரும்பியதும் பூவோடு எழும். உன் ஊரில் குளிர் ஏது? போதாததற்கு நீ தினமும் தண்ணீர், மாதமானால் எரு என்று அதைத் தூங்கவே விடாமல் ஊட்டுகிறாய்.

தண்ணீரை நிறுத்து. பிறகு எல்லா இலையையும் கையால் உருவிவிடு. குளிர் இல்லாத ஊர்களில் அப்படித்தான் பூக்க வைக்கிறார்கள்.

தங்கை

ஏப்ரல் 2

தங்கைக்கு,

உனக்குப் புத்தி கித்தி பிசகிவிட்டதா? பச்சைப்பசேலென்று நிற்பதை மொட்டையடிக்கச் சொல்கிறாயே! எனக்குக் கை வரவில்லை. நேற்றும் ஒரு குடம் ஊற்றினேன்.

அக்கா

ஏப்ரல் 15

அக்கா,

கை வராவிட்டால் பழமும் வராது. ஊற்று, நன்றாக ஊற்று.

தங்கை

மே 28

தங்கைக்கு,

உருவினேன். ஏணி போட்டு, ஒரு இலை விடாமல். "மரம் உங்கள என்ன பண்ணுச்சு பெரியம்மா?" என்றாள் டீச்சர். நான் யாருக்கும் பதில் சொல்லவில்லை. பூத்த பிறகு எல்லோர் வாயையும் ஒரேயடியாக அடைக்கலாம் என்ற எண்ணம். வேலையாக வெளியூர் போயிருந்த மகனிடமும் போனில் மூச்சுவிடவில்லை.

நீ சொன்னபடியே மொட்டுப் பருத்தது. நான் பல் டாக்டரிடம் போயிருந்த நேரம் பார்த்து அவன் வந்து சேர்ந்தான். மொட்டையாக நின்றதைப் பார்த்து, "பட்டுப்போச்சு, அம்மா பாத்தா தாங்காது" என்று நான் வருவதற்குள் அடியோடு அறுத்துப் போட்டுவிட்டான். எனக்கு நல்லது செய்தானாம்! யாரை வைய?

கிளைகளை வாளித் தண்ணீரில் நிறுத்தினேன். சமையலறை முழுக்க வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்துக் கிடக்கிறது. டீச்சர் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனாள். அதுகூட எனக்கு இனிக்கவில்லை. அவன் வாளியையே பார்த்துக்கொண்டு, "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா" என்கிறான். சொல்லியிருக்கலாம்தான். அதுதான் எனக்கு எரிகிறது.

இன்னொரு கன்று அனுப்பு. பார்சலில் என் பெயர் வேண்டாம், அவன் பெயரை எழுது. குழி தோண்டுவதும் அவன், இலை உருவுவதும் அவன். நான் பக்கத்தில் நாற்காலி போட்டுக் குறை சொல்லிக்கொண்டிருப்பேன்.

அக்கா