மேல்மாவில் கலந்தது

வுப்பர்டால்,
6 பெப்ரவரி 1996

மதிப்புக்குரிய சந்திரகாந்தி அவர்களுக்கு,

ஆண்டவர் கிருபையால் மகன் வின்சன்ற்றும் சிவசக்தியும் சுகமாக இருக்கிறார்கள். உங்கள் மகளுக்கு வாந்தி நின்றுவிட்டது. ஐந்து மாத வயிற்றோடு படியில் ஓடித்தான் ஏறுகிறாள். நான் ஏசினால் சிரிக்கிறாள். பீலெஃபெல்டில் பனி கடுமை என்று அறிந்தேன். உங்கள் மூட்டுவலி எப்படி?

நேற்று ரெலிபோனை வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "மாமி, உங்கட கோழிப் பை அம்மான்ர வாயில இன்னும் நிக்குதாம். தங்கராசா மாமான்ர அறுபதாவது பிறந்தநாளுக்கு நாலு செய்து தருவியளோ எண்டு கேக்கிறா." நான் எழும்பி அறைக்குள் போய்விட்டேன். மாமிக்குப் பெருமை தாங்கவில்லை என்று அவள் நினைத்திருப்பாள்.

பிள்ளைகள் மாதா கோவிலில் மோதிரம் மாற்றியதைப் பொறுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வர உங்களுக்கு மூன்று வருடம் எடுத்தது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. உங்கள் இடத்தில் நானும் அப்படித்தான் இருந்திருப்பேன். ஆனால் சோறும் கறியும் அம்மாவின் கைக்குத்தான் ருசி என்று சிவசக்தி அடிக்கடி சொல்லுவாள். அது எனக்குக் குத்தும். ஆகவே, நீங்கள் வந்த அன்று, கன்னியர் மடத்தில் ஐரிஷ் சிஸ்டர் ஒருவர் பழக்கிய 'பை' என்ற வெள்ளைக்காரப் பண்டத்தைச் செய்தேன். உள்ளே இறைச்சி, மேலே தடித்த மாவு மூடி, போறணை அடுப்பில் வேகவேண்டும். உங்களுக்குத் தெரியாத சமையல் என்பதற்காகவே அதைத் தெரிந்தெடுத்தேன்.

"அம்மா ஆடு, கோழி தின்னுவா மாமி. மாடு மட்டும் தொடமாட்டா" என்று சிவசக்தி முதல்நாளே சொன்னாள். "எனக்குத் தெரியாதோ?" என்று சீறினேன். கோழிதான் வாங்கினேன். கோழி, கரட், லீக்ஸ், மிளகு. அதில் ஒரு பிழையும் இல்லை.

பிழை மேல்மாவில். மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் வெள்ளைக் கொழுப்பைத் துருவிக் கலந்தால்தான் அந்த மாவு மேலே மொறுமொறுப்பாகவும் உள்ளே பஞ்சாகவும் வரும். இறைச்சிக் கடையில் சொல்லிவைத்து வாங்கினேன். கொழுப்பை நான் எண்ணெய் போலத்தான் நினைத்துப் பழகியிருந்தேன்.

இதோடு நிறுத்தினால், தெரியாமல் செய்துவிட்டாள் என்று மன்னித்துவிடுவீர்கள். அது பொய்யாகிவிடும். துருவும்போது, இதுவும் மாடுதானே என்று எனக்கு நினைவு வந்தது. கை நின்றது. பிரிட்ஜில் பட்டர் இருந்தது. பட்டர் போட்டால் மாவு சப்பென்று இருக்கும். மரியாதைக்கு ஒரு துண்டு சாப்பிட்டு, நல்லாயிருக்கு என்று சொல்லுவீர்கள். அந்த மரியாதையைத் தாங்க எனக்கு மனமில்லை. உள்ளே கோழிதானே என்று சொல்லிக்கொண்டு துருவி முடித்தேன்.

நீங்கள் இரண்டாவது துண்டும் கேட்டீர்கள். "மாவில என்ன மாயம் செய்தனீங்கள், அக்கா?" என்றீர்கள். அதுவரை நான் உங்களுக்கு வின்சன்ற்றின் அம்மா மட்டுமே. அக்கா என்ற சொல்லைக் கேட்ட பிறகும் வாய் திறக்கவில்லை. மிச்சத்தை உங்கள் தங்கராசா அண்ணைக்கென்று சுற்றித் தந்ததும் நான்தான். திருநீறு பூசாமல் தேநீர்கூடக் குடிக்காத மனிதருக்கு.

பூசைக்கு வரும் தமிழ்ச் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். "கொழுப்புத்தானே அம்மா, பெரிசா எடுக்காதேங்கோ" என்று சொல்லிச் சிறு செபம் ஒன்று தந்தார். அவருக்கென்ன? சாப்பிட்டது அவரில்லையே.

பிறந்தநாளுக்குப் பட்டர் போட்டுச் செய்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். உங்களை இரண்டாம் முறையும் ஏமாற்ற என்னால் முடியாது.

பிள்ளைகளுக்கு இது தெரியாது. அவர்களோடு கோபிக்க வேண்டாம். அண்ணையிடம் சொல்வதானால் என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள்.

ஜூனில் சிவசக்திக்குப் பிள்ளை பிறக்கும். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் பத்தியக்கறி எனக்குச் சரியாக வைக்கத் தெரியாது. இதை இதுவரை யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. மாடு சமைத்த சட்டிகள் எல்லாவற்றையும் கட்டி நிலவறையில் இறக்கிவிட்டேன். குசினி அலுமாரித் தட்டுகள் வெறுமையாக இருக்கின்றன. உங்கள் சட்டிகளோடு வாருங்கள். என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை.

உங்களுக்கும் உங்கள் வீட்டாருக்கும் நன்மையே வர மன்றாடும்,
அன்ரனிற்றா