மாவு மில் அத்தியாயம்

நீலசந்திரா, பெங்களூர்
16 ஆகஸ்ட் 1998

அன்பு மகன் ரகுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், மஸ்கட் வெயிலில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை. உன் தங்கை ரக்ஷிதா கணக்கில் மறுபடியும் கோட்டை விட்டிருக்கிறாள், கேட்டால் மிஸ் சரியில்லை என்கிறாள். மழை விடாமல் பெய்து சமையல்கட்டுச் சுவர் ஊறிப் போயிருக்கிறது.

உன் புத்தகத்தை எந்த வழியில் போடுவது என்று கேட்டு எழுதியிருந்தாய். சென்னைப் பதிப்பகத்தார் உனக்கு எழுதிய கடிதத்தின் நகலையும் படித்தேன். அவர்களே செலவு செய்து, ஊர் ஊராகக் கடைகளில் வைப்பார்களாம், ஆனால் மாவு மில் அத்தியாயத்தை எடுத்துவிட வேண்டுமாம், அது வந்தால் கதையின் கோபம் தணிந்துவிடுகிறதாம். முதல் புத்தகம் போடுகிறவன் என்றால் வாயைத் திறக்கக் கூடாது போலிருக்கிறது. எனக்கு எரிச்சல் வந்து ஜீவனஹள்ளியில் அச்சகம் வைத்திருக்கும் ரெமிஜியஸிடம் போனேன். கல்யாணப் பத்திரிகையும் மாதா கோயில் நோட்டீசும் அடிக்கிறவர், இப்போது கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து வைத்திருக்கிறார். நாம் பணம் போட்டால் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் அடித்துத் தருகிறேன் என்றார், ஆனா விக்கிறது உங்க பாடு சார், கட்டு கட்டா வூட்லதான் கெடக்கும் என்றும் சொன்னார். அம்மாவிடம் சொன்னதற்கு, கட்டிலுக்குக் கீழே ஏற்கெனவே உங்க பழைய இரும்புச் சாமான்தான் கெடக்குது, அதோட இதுவும் கெடக்கட்டும் என்றாள். அவளுக்கும் ஆசைதான். ரெமிஜியஸிடமே கொடுத்துவிடலாம் என்று நாங்கள் தீர்மானித்துவிட்டோம்.

அதற்கு முன்னால் மாவு மில் நாகேஷுக்கு அந்த அத்தியாயத்தைப் படித்துக் காட்டலாம் என்று மில்லுக்குப் போனேன். சந்தோஷப்படுவார் என்று எண்ணித்தான் போனேன். தொண்ணூற்றொன்றில் காவிரிக் கலவரத்தின்போது நம்மை மில்லின் பின்னறையில் தள்ளிப் பூட்டியது, கைக்குழந்தையாக இருந்த ரக்ஷிதாவின் அழுகை தெருவுக்குக் கேட்காமல் இருக்கத் தானியமே போடாமல் வெறும் மில்லை ஓட்டிக்கொண்டே இருந்தது, கல் கெட்டுப்போனாலும் பரவாயில்லை என்று நிறுத்தாதது எல்லாவற்றையும் நீ அப்படியே எழுதியிருந்தாய். மனிதர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படி என்றார். படித்தேன். முடித்ததும், சென்னாகிதே பச்சைமுத்து, உன் மகன் நல்லா எழுதியிருக்கான், ஆனா நான் இருக்கிற வரைக்கும் இது பேடப்பா, வேணாம் என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

உனக்கும் எனக்கும் இதுவரை தெரியாத விஷயத்தை அப்புறம்தான் சொன்னார். அன்றைக்குக் கூட்டத்தோடு வந்து மில் கதவைத் தட்டியது அவருடைய அக்கா மகனே. உள்ளே யாரும் இல்லை என்று சொன்னதை அவன் நம்பவில்லை. பக்கத்தில் நின்ற தன் மகள் வீணாவின் தலையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறார், அதற்குப் பிறகுதான் கூட்டம் போயிருக்கிறது. மில் ஓடிய சத்தத்தில் நமக்கு ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பையனுக்கே பின்னால் வீணாவைக் கட்டிக்கொடுத்தார்கள், கல்யாணத்தில் நாம்கூடச் சாப்பிட்டோம். அவளுக்குக் கரு தங்கவில்லை, இரண்டு தடவை கலைந்துவிட்டது. என் பொய்ச் சத்தியம்தான் அவளைப் பிடித்துக்கொண்டது என்று அந்த மனிதர் தனக்குள்ளேயே வெந்துகொண்டிருக்கிறார். நீ படித்தவன், அதெல்லாம் ஒன்றுமில்லை என்பாய், நானும் அதைத்தான் சொன்னேன், அவர் காதில் ஏறவில்லை. புத்தகம் வந்தால் மருமகனுக்கு விஷயம் தெரிந்துபோகும், அக்கா வீட்டில் எல்லோரும் சேர்ந்து அந்தப் பெண்ணை நிம்மதியாக இருக்கவிட மாட்டார்கள்.

பேரை மாற்றினால் போதாதா என்று கேட்பாய். இந்தப் பக்கத்தில் மில் வைத்திருக்கும் கன்னடக்காரர் அவர் ஒருவர்தான். மருமகனுக்குத் தமிழ் படிக்க வராது, ஆனால் கேட்டால் புரியும், படித்துச் சொல்ல நம் தெருவில் ஆளா இல்லை? சரி, சென்னைக்காரர்கள் சொன்னபடி அந்த அத்தியாயம் இல்லாமலே போட்டுவிடலாம் என்றால், அன்றைக்கு நமக்கு ஒரு கதவும் திறக்கவில்லை என்று ஆகிவிடும். அவர் காப்பாத்தின உசுரை வெச்சுக்கிட்டு அவரை இல்லேன்னு எழுதுவானா என்று அம்மா கேட்கிறாள். எனக்கும் மனசு ஒப்பவில்லை. ரெமிஜியஸிடம் கொடுக்க எடுத்து வைத்திருந்த கையெழுத்துப் பிரதியை மறுபடி அலமாரியில் வைத்துவிட்டேன். டியூட்டி முடித்து வந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு எழுதினாய், எனக்குத் தெரியும். உன் எழுத்தை அச்சில் பார்க்க வேண்டும் என்று எனக்கும் கொள்ளை ஆசை. ஆனால் முடிவு உன்னுடையது, நீ யோசித்து எழுது.

நாகேஷுக்கு மாவுத் தூசியால் நெஞ்சு மிகவும் கெட்டுவிட்டது, நாலு படி ஏறினால் இழுக்கிறது. புத்தகம் சீக்கிரம் வர வேண்டும் என்று தினமும் மாரியம்மனிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது அப்படிக் கேட்க வாய் வரவில்லை.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நூறு வயது இருக்க வேண்டும், அம்மாவும் இதையே சொல்லச் சொன்னாள். மறந்துவிடாதே, மூச்சிரைப்புக்கு வாயில் வைத்து இழுக்கும் மருந்து அங்கே நல்லதாகக் கிடைக்குமாமே, லீவில் வரும்போது நாகேஷுக்கு நிறைய வாங்கி வா.

உன் அப்பா,
பச்சைமுத்து