காபியை மறுத்தவனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ எனக்குச் செய்தது துரோகம். என் ஹோமியோபதி மருந்தால் குணமானதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு, எனக்குத் தெரியாமல் இத்தனை வருஷமும் ஆஸ்பத்திரி மாத்திரையை விழுங்கி வந்திருக்கிறாய். நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். போனில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் மனைவிமேல் கோபப்படாதே. அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. போன வாரம் கூப்பிட்டபோது, "அவரு மாத்திரை வாங்கப் போயிருக்காரு மாமா" என்றாள். என்ன மாத்திரை என்று கேட்டேன். "அதான், ஒண்ணுக்குப் போறதுக்கு, வழக்கமாப் போடறது" என்று சொல்லிவிட்டுப் பேச்சை விழுங்கினாள். பிறகு, "உங்க மனசு நோகக்கூடாதுன்னுதான் சொல்லல. நீங்க அனுப்பின பாட்டிலெல்லாம் அலமாரியில பத்திரமாத்தான் இருக்கு" என்று எனக்கு ஆறுதல் வேறு. அடுக்கி வைத்து அழகு பார்க்கவா அனுப்பினேன்?

அடுத்த வீட்டுத் தையற்காரரை நீ மறந்திருக்க மாட்டாய். வீட்டின் முன்னறைதான் அவர் கடை. நீ வந்திருந்தபோது அங்கேதான் உட்கார்ந்து பேசினோம். அவருக்கும் உன் வியாதிதான். மிஷினை விட்டு எழுவதும் ஓடுவதுமாக இருந்தார். "ஊருக்கெல்லாம் பொத்தான் தைக்கிறேன், என் பொத்தானைப் போட எனக்கு நேரமில்ல" என்று தானே சொல்லிச் சிரித்தார். அவர் மனைவி கொண்டுவந்த காபியை நீ கையால் தடுத்தாய். "அண்ணன் மருந்து சாப்பிடறேம்மா, காபி கூடாது" என்றாய். அதோடு விட்டாயா? "இப்பெல்லாம் ராத்திரி ஒரு தடவை எழுந்தா அதிகம். எல்லாம் அண்ணன் கைராசி" என்று அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னாய். காலமெல்லாம் மோட்டார் பம்பு பழுது பார்த்த கை இது. எந்தக் கல்லூரியும் மிதிக்காமல், இரவல் புத்தகங்களை எழுத்துக்கூட்டிப் படித்துக் கற்ற வைத்தியம். அன்று நான் எவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன் என்பதை நீ பார்த்தாய். பார்த்துக்கொண்டேதான் பொய் சொன்னாய்.

மறுநாளே அவர் மருந்துக்கு வந்துவிட்டார். உனக்குக் கொடுத்த அதே துஜா உருண்டை, அதே சபால் சொட்டு. இரண்டு வைத்தியம் ஓர் உடம்பில் சண்டை போடும் என்று சொன்னேன். புத்தகத்தில் உள்ளதைத்தான் சொன்னேன். அவர் அதுவரை போட்டுவந்த ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்தினார்.

இப்போது அவர் வார்டில் கிடக்கிறார். மூத்திரம் அறவே அடைத்து, கால் வீங்கி, டியூப் போட்டிருக்கிறார்கள். சிறுநீரகம் கெட ஆரம்பித்துவிட்டது, சீக்கிரம் ஆபரேஷன் செய்தால் காப்பாற்றலாம் என்கிறார் டாக்டர். இவர் மாட்டேன் என்கிறார். கத்தி வைக்கச் சம்மதியுங்கள் என்று நானே போய்ச் சொன்னேன். அப்பாவை ஆபரேஷன் மேஜையில் ஏற்றி, பிணமாக இறக்கிய நாளிலிருந்து அந்த வார்த்தை என் வாயில் வந்ததில்லை. அவரோ என் கையைப் பிடித்துக்கொண்டு, "டாக்டருங்க உங்களை மிரட்டினாங்களா? பயப்படாதீங்கண்ணே, நான் இருக்கேன். உங்க தம்பிக்குக் கேட்ட மருந்து எனக்குக் கேக்காதா?" என்று எனக்குத் தைரியம் சொல்கிறார். நீ மாத்திரை சாப்பிட்ட கதையைச் சொன்னேன். நம்பவில்லை. "காபியைக்கூடத் தொடலியே அந்த மனுஷன்" என்கிறார்.

அவர் மனைவி காலிப் பாட்டிலோடு என் வாசலில் வந்து நின்றாள். வாய்க்கு வந்தபடி ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். "தீர்ந்துபோச்சுண்ணே, அவரு கேக்குறாரு" என்றாள். மருந்து விடாமல் வெறும் சர்க்கரை உருண்டையை நிரப்பிக் கொடுத்தேன். அடுத்த நாள் வந்து, "இந்தத் தடவை குடுத்தது நல்லாக் கேக்குதாம்" என்றாள். அதற்குப் பிறகு நான் வார்டுப் பக்கம் போகவில்லை.

இன்னொன்று. அவர் குளியலறைக்கும் என் குளியலறைக்கும் ஒரே சுவர். தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டால் தனக்கும் வரும் என்று குழாயைத் திறந்துவிட்டு நிற்பார். அப்பா செய்ததுதான். பள்ளிப் பையோடு நாம் இருவரும் கதவுக்கு வெளியே நின்று, அந்தச் சத்தம் எப்போது நிற்கும் என்று காத்திருப்போமே. அவர் மனைவியும் ஆஸ்பத்திரியிலேயே இருப்பதால் இப்போது அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. ஆனாலும் பட்டப்பகலில் சுவருக்கு அப்பால் தண்ணீர் விழுகிறது. அவளிடம் சாவி வாங்கித் திறந்து பார்த்தேன். பாதி தைத்த கால்சட்டை ஒன்று ஊசி குத்தியபடியே மிஷினில் கிடக்கிறது. குழாய் இறுக மூடியிருக்கிறது, தரை வறண்டு கிடக்கிறது. திரும்பி வந்தால் என் வீட்டுக் குழாய் திறந்து ஓடிக்கொண்டிருக்கிறது, வாளி நிரம்பித் தண்ணீர் கூடம்வரை வந்துவிட்டது. நான் திறந்த நினைவில்லை. வாஷர் போயிருக்கும் என்று கழற்றினேன். தேய்மானமே இல்லை. இருந்தும் மாற்றினேன். மறுநாளும் ஓடியது.

மருந்தில் குற்றமில்லை. அதை எவனுக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் பம்புக்குள் கல் சிக்கினால் எண்ணெய் விட்டுப் பயனில்லை, கழற்றித்தான் ஆகவேண்டும். அது என் தொழிலில் உள்ள நியாயம்.

ஆகவே செய்யவேண்டியது இதுதான். கடிதம் கண்டதும் நீ புறப்பட்டு வரவேண்டும். நேரே ஆஸ்பத்திரிக்கு, என் வீட்டுக்கல்ல. மாத்திரை அட்டையை அவர் கையில் கொடுத்து, அன்று சொன்னது பொய் என்று உன் வாயால் சொல்லவேண்டும். அப்போதும் நம்பாவிட்டால், அவர் பார்க்கக் காபி வாங்கிக் குடி. அலமாரியில் இருக்கும் பாட்டில்களை உன் மனைவி மூடி திறக்காமல் அப்படியே கட்டித் தரவேண்டும், அதையும் அவர் பார்க்கட்டும். சம்மதம் என்று கையெழுத்துப் போடவேண்டியவர் அவர், பக்கத்தில் இருக்கவேண்டியவள் அவர் மனைவி. சர்க்கரை உருண்டையைப் பற்றி அவளிடம் சொல்லவேண்டியவன் நான், அதில் நீ தலையிடாதே. உள்ளே கத்தி வைக்கும்போது நான் வெளியே பெஞ்சில் இருப்பேன். நீயும் என் பக்கத்தில் உட்காரவேண்டும், அப்பாவுக்கு உட்கார்ந்த மாதிரி.

உனக்கு அந்த மாத்திரையை எழுதிக்கொடுத்த டாக்டரிடம் இன்னொருவருக்கும் நேரம் வாங்கி வை. வயது எழுபதைத் தாண்டியவர், கொஞ்ச காலமாகத்தான் தொந்தரவு என்று சொல். நீ திரும்பும்போது கூட வருவார். பஸ் வேண்டாம், ரயிலில் இடம் எடு. யாருக்கு என்று கேட்காதே.

நீயும் உன் மனைவியும் நோய்நொடியில்லாமல் நெடுங்காலம் நன்றாயிருங்கள். மாத்திரையை ஒரு நாளும் விட்டுவிடாதே.

இப்படிக்கு,
உன் அண்ணன்