அம்மாவின் அழைப்பு மணியை முதலில் அனுப்பக் கோருதல்

அனுப்புநர்:
தையல்காரரின் மகள்,
நான்காம் மாடி, கடைசி வீடு.

பெறுநர்:
தொடர்புப் பிரிவு அதிகாரி அவர்கள்,
குடியிருப்பு நிர்வாக அலுவலகம்.

பொருள்: வீட்டுக்கு வீடு செய்தி கடத்தும் பெட்டிகளில் அவசர அழைப்பு தாமதமாவது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் முதலில் கவனித்தது அம்மாவின் தலையணை. ஒரு நாள் மாலை வேலை முடிந்து வந்தபோது அது தரையில் கிடந்தது. எடுத்து வைத்த பிறகுதான் என் கைபேசியில் அவருடைய அழைப்பு வந்து சேர்ந்தது.

2. தையல் வேலை செய்துவந்த அம்மாவுக்கு இப்போது ஒரு பக்கம் கையும் காலும் அசையாது. அதனால்தான் பள்ளியை விட்டேன். கீழ்த்தளச் சலவைக் கூடத்தில் மாலை வரை துணி மடிக்கிறேன். கட்டடத்துக்குள் வெளி சிக்னல் எட்டாது. அம்மா கட்டிலருகே உள்ள அழைப்புப் பொத்தானை அழுத்தினால், ஒரு வீட்டுப் பெட்டி அடுத்த வீட்டுப் பெட்டிக்குக் கைமாற்றி என்னிடம் சேர்க்க வேண்டும். பகலில் உடனே வருகிறது. மாலையில் எல்லா வீட்டிலும் அதே பெட்டிகள் வழியே படம் ஓடத் தொடங்கினால் அழைப்பு பின்தங்கிவிடுகிறது.

3. தங்கள் ஊழியர்கள் மூவர் தனித்தனியே வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். லிஃப்ட் ஓடும்போது சிக்னல் அறுகிறது, ஆனால் அழைப்பு போகும் பாதையை மாற்றுவது தன் வேலையில்லை என்றார் பெட்டி பார்ப்பவர். லிஃப்ட் பக்கம்தான் குறுக்குவழி, சிக்னல் அறுவது தன் திரையில் தெரியாது என்றார் பாதை பார்ப்பவர். பொத்தான் பார்ப்பவர், "அழுத்தினது போயிடுச்சு பாப்பா, நடுவுல இருக்கிற பெட்டிக்கு எது அவசரம், எது படம்னு தெரியாது" என்றார். எதிர்வீட்டு அக்கா, "மூணு பேரையும் ஒரே லிஃப்ட்ல பூட்டி வை, பேசிக்குவாங்க" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

4. யாரிடமும் பேசக் கூசுபவள் நான். இருந்தும் நேற்றுக் காலை எங்கள் மாடியில் ஒவ்வொரு கதவாகத் தட்டி, மாலையில் பெட்டியை அணைத்து வைக்கும்படி கேட்டேன். வழி காலியானால் அழைப்பு சீக்கிரம் வரும் என்று நினைத்தேன். எல்லாரும் மறுக்காமல் அணைத்தார்கள். அந்தப் பெட்டிகள்தான் வழி என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. அழைப்பு வரவே இல்லை. வேலை முடிந்து வந்து பார்த்தால் அம்மா கட்டிலிலிருந்து விழுந்து, நனைந்த புடவையோடு கிடந்தார்.

5. ஆகவே மூன்று ஊழியர்களும் ஒரே நாளில் சேர்ந்து வந்து, அவரவர் அறிந்ததை மற்றவருக்குச் சொல்லி, அழைப்பு மணி படங்களுக்கு முன்னால் போகவும், சிக்னல் அறுந்தால் வேறு வீடுகள் வழியாகப் போகவும் ஏற்பாடு செய்யுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அம்மாவோடு இருக்க இந்த வேலையையும் விட்டால் எங்களுக்கு வேறு பிழைப்பில்லை.

நேற்று அம்மாவுக்குப் புடவை மாற்றிப் படுக்க வைத்தபின், அதே கதவுகளை மறுபடி தட்டி, பெட்டிகளைப் போடச் சொல்லிவிட்டு வந்தேன்.

இடம்: நான்காம் மாடி
நாள்: செவ்வாய்க்கிழமை

தங்கள் வரவை எதிர்பார்க்கும்,
தையல்காரரின் மகள்
(கையொப்பம்)