செவ்வாய்க்கிழமை உன் முறை

சம்பந்தியம்மா,

சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவிவிட்டேன். விரல்களில் இன்னும் நல்லெண்ணெய் வாசம் போகவில்லை. கைப்பையைத் திறந்தாலும் அதே வாசம்தான். எண்ணெய் பாட்டிலின் மூடியைச் சரியாகத் திருகாமல் உள்ளே போட்டிருக்கிறேன். மூக்குக்கண்ணாடி, பஸ் பாஸ், பேத்தி கயலின் பள்ளிக்கூட ரசீது எல்லாம் எண்ணெயில் குளித்துவிட்டன. நீ இருந்திருந்தால் "உனக்குப் பையா குடுத்தாங்க, தாளிக்கிற சட்டியா?" என்று கேட்டிருப்பாய்.

சம்பந்தியம்மா என்று தொடங்கியது சண்டைக்கு இல்லை. உன் மகனுக்கும் என் மகளுக்கும் கல்யாணம் ஆன பிறகும் நாம் வாடி போடிதான். கோபம் வந்தால் மட்டும் நீ திடீரென்று மரியாதைக்கு மாறி அப்படிக் கூப்பிடுவாய். இப்போது அப்படியாவது யாராவது கூப்பிட மாட்டார்களா என்று இருக்கிறது.

நல்லெண்ணெய் என்றால் எனக்கு நம் தகரக் கொட்டகைதான். தோட்டம் கைமாறி நாம் குடியிருந்த லயங்களை இடித்தபோது அம்மன் கோயிலையும் எடுக்கச் சொன்னார்கள். காஹாங் டவுனுக்கு வெளியே சாலையோரம் ஒரு துண்டு நிலம் கிடைத்தது. ஐயர் வந்து பாலாலயம் செய்தார். கல் சிலையில் இருந்த அம்மனை அத்திப் பலகையில் எழுந்தருளச் செய்து, தகரக் கூரையின் கீழ் வைத்தோம். புதுக் கோயில் எழும்பும்வரைதான், தற்காலிகம் என்றார்கள். அப்போது உன் மகனும் என் மகளும் தமிழ்ப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது அவர்களுடைய மகள் அதே பள்ளிக்குப் போகிறாள். அம்மன் இன்னும் பலகையில்தான் இருக்கிறாள்.

குளுவாங்கிலிருந்து ஐயர் வெள்ளிக்கிழமை மட்டும் வருவார். மற்ற நாள்களில் விளக்கேற்றக் குடும்பத்துக்கு ஒரு முறை என்று பிரித்துக்கொண்டோம். செவ்வாய் உனக்கு, வியாழன் எனக்கு. ஒரு வருடம் வெள்ளம் வந்து சாலையெல்லாம் தண்ணீர். அன்று செவ்வாய். நீ சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, குடையைப் பிடித்தபடி கிளம்பினாய். "ஒரு நாள்தானே, அம்மன் கோவிச்சுக்க மாட்டா" என்று வாசலில் நின்று கத்தினேன். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தற்காலிகமா இருந்தா அம்மனுக்கு இருட்டா இருக்காதா?" என்று சொல்லிக்கொண்டே தண்ணீரில் இறங்கிவிட்டாய்.

கர்ப்பப்பையில் புற்றுநோய் என்று தெரிந்தபோதும் உன் முதல் கேள்வி செவ்வாய்க்கிழமைக்கு யார் என்பதுதான். எனக்கு அன்று உன் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

ஜொகூர் பாரு ஆஸ்பத்திரிக்கு நாம் வேனில் போய் வந்த காலத்தை நான் அடிக்கடி நினைக்கிறேன். துன்பமான காலம்தான், ஆனாலும் அவ்வளவு நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நாம் பேசியதே கிடையாது. காத்திருக்கும் கூடத்தில் நீ உன் வீட்டுக்காரரின் பழைய வேட்டியைக் கிழித்துத் திரி உருட்டுவாய். பக்கத்து நாற்காலியில் இருந்த வயதான மலாய்க்கார அம்மா, அந்த மக்சிக், அது என்னவென்று கேட்டு, அடுத்த முறை அவரும் உட்கார்ந்து உருட்டிக் கொடுத்தார். "கை சும்மா இருந்தா மனசு ஊர் சுத்தப் போயிருதுடி" என்றாய். உருட்டியதையெல்லாம் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தாய். நான் உருட்டியவற்றை மட்டும் பிரித்துவிட்டுத் திரும்ப உருட்டினாய். தளர்வாக இருக்கிறதாம்.

முதல் கதிர்வீச்சுச் சிகிச்சை முடிந்து வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். கயல் "பாட்டி" என்று கத்திக்கொண்டு என் வீட்டு கேட் வரை ஓடினாள். நீ கையை நீட்டித் தடுத்து, "அங்கேயே நில்லு, கிட்ட வராதே" என்றாய். கதிர் உன் உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும், பிள்ளைக்குத் தாவிவிடும் என்று உனக்குப் பயம். அடுத்த முறை போகும்வரை நீ அந்தக் கேட்டுக்கு வெளியேதான் நின்றாய். கயல் உள்ளே, நீ சாலையில். இருவரும் அப்படியே நின்று பள்ளிக்கூடக் கதை பேசுவீர்கள். நான் அடுப்பங்கரை ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு குழம்பைக் கிண்டுவேன்.

அடுத்த முறை இதைக் கேட்டு ஆஸ்பத்திரித் தாதிதான் சிரித்தாள். "அம்மா, தாராளமா தூக்குங்க. அந்த மருந்துக் குண்டுமணி குழாய் வழியா வரும், வேலைய முடிச்சிட்டு மெஷினுக்குள்ள திரும்பிப் போயிரும். உங்க உடம்புல ஒண்ணும் மிச்சம் இருக்காது" என்றாள். நன்றி சொல்லிவிட்டு வருவாய் என்று பார்த்தால், நீ கேள்வி கேட்டாய்.

"அதுக்கு வயசாயிட்டா?"

"வீரியம் குறைஞ்சா மாத்திருவாங்கம்மா."

"அப்ப பழசு எங்க போவும்?"

தாதி யோசித்தாள். சிலதைக் கொடுத்தவர்களே திரும்ப எடுத்துக்கொள்வார்கள், சிலதைப் பத்திரமாக எங்காவது வைப்பார்கள் என்றாள். வேனில் வரும் வழியெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பியபடியே இருந்தாய். வீட்டுக்கு வந்ததும் கேட்டைத் திறந்து கயலைத் தூக்கிக்கொண்டாய். அவளைத் தூக்கும் பலம் உனக்கு அப்போது இல்லை. ஆனாலும் இறக்கி விடவில்லை.

அதற்குப் பிறகுதான் ஊர்ப் பொது மண்டபத்தில், பாலாய் ராயாவில், அந்த முதல் கூட்டம் நடந்தது. ஆஸ்பத்திரிகளும் தொழிற்சாலைகளும் பயன்படுத்தி முடித்த கதிரியக்கப் பொருள்களுக்கு ஒரு கிடங்கு கட்ட இடம் பார்க்கிறார்கள், நம் செம்பனைக் காட்டுக்கு அப்பால் உள்ள மேடும் அதில் ஒன்று என்றாள் வந்திருந்த அரசாங்க அதிகாரி. இளவயது மலாய்ப் பெண், தணிவாகப் பேசினாள். நிரந்தர இடம் தயாராகும்வரைதான், "சிமெந்தாரா சஹாஜா" என்றாள். தற்காலிகம் என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் நம் ஆள்கள் பக்கம் ஒரு சிரிப்பு எழுந்ததே, பாவம், அது ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மேட்டுக்கு இந்தப் பக்கம் என் டுரியான் மரங்கள். அவற்றின் அடியில் விளையாடுவது கயல். அவள் அப்பாவும் அம்மாவும் விடிவதற்குள் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் வேலைக்குப் போக வேண்டும் என்பதால் ஜொகூர் பாருவிலேயே தங்கிவிடுகிறார்கள், பிள்ளை என்னிடம்தான் வளர்கிறாள். நாளைக்கு நாட்டில் அணு உலை கட்டினால், அதில் எரிந்து முடிந்த கம்பிகளையும் இங்கேதானே கொண்டுவந்து அடுக்குவீர்கள் என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். என் மனதில் இருந்ததும் அதுவேதான்.

அப்போது கோயில் தலைவர் எழுந்து, ஊர் சம்மதித்தால் அம்மனுக்கு நிரந்தரக் கோயில் கட்ட உதவி கிடைக்குமாம் என்று முகம் மலரச் சொன்னார். கைதட்டல் எழுந்தது. அந்தக் கைதட்டலுக்கு நடுவே நீ எழுந்தாய். வளையல்கள் முழங்கை வரை சரிந்தன, அவ்வளவு மெலிந்திருந்தாய்.

"எனக்குச் சம்மதம். ஆனா கோயில் வேணாம்."

"அலமாக்! உக்காருங்கம்மா" என்றார் தலைவர்.

"இருங்க தலைவரே, நின்னா ரொம்ப நேரம் நிக்க முடியாது, சொல்லிட்டு உக்காந்துர்றேன். அந்தச் சாமான் எனக்குள்ள வந்து வேலை பார்த்துட்டுப் போயிருக்கு. இன்னைக்கு நான் இங்க நிக்கிறேன்னா அதனாலதான். வேலை முடிஞ்சதும் அதையும் எங்கயாச்சும் வெக்கணும்ல? எல்லா ஊரும் வேணாம்னா அது எங்க போவும்? அதுக்குத்தான் சம்மதம்னேன். அம்மனைக் காட்டி எங்க கையத் தூக்க வெச்சா, நாளைக்கு வேற என்னத்தையாவது கொண்டாந்து இன்னொரு மண்டபம் தர்றேம்பாங்க. வேணாம்லா."

பிறகு அந்த அதிகாரியைப் பார்த்து மலாயில் கேட்டாய்: "தற்காலிகம்னா எங்களுக்குப் பழக்கம்தான். எத்தனை வருசம்னு கேக்கல. தினம் யாரு வந்து பார்ப்பாங்க? அதை மட்டும் சொல்லுங்க."

அவள் சுற்றி வளைக்கவில்லை. இப்போது என்னிடம் பதில் இல்லை, கேட்டுக்கொண்டு வருகிறேன் என்றாள்.

வீட்டுக்கு வரும் வழியில் நாம் போட்ட சண்டையைக் காஹாங் டவுனே கேட்டிருக்கும். "உனக்கு உயிர் குடுத்துச்சு, சரி. அதுக்காக என் பேத்தி வீட்டுக்குப் பின்னாடியா வெக்கணும்?" என்றேன். "எனக்கும் பேத்திதான், சம்பந்தியம்மா" என்றாய். அவ்வளவுதான், அந்த வாரம் முழுக்க மரியாதை. ஆனால் மரியாதையோடேயே ரசம் கேட்டு அனுப்பினாய். நானும் முறுக்கிக்கொண்டே வந்து உன் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டுப் போனேன். கடைசிவரை அந்த விஷயத்தில் நீயும் இறங்கி வரவில்லை, நானும் இறங்கி வரவில்லை. அதனால் நமக்குள் ஒன்றும் குறைந்தும் போகவில்லை. அது எப்படி என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

நோய் திரும்பி வந்தபோது டாக்டர்கள் அதிகம் பேசவில்லை. உன் வீட்டு முன்னறையில் கட்டிலைப் போட்டோம். ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நீ கண்ணைத் திறந்து, "இன்னைக்கு என் முறை" என்றாய். நான் டின்னிலிருந்து ஒரு திரியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். திரும்பி வந்து உன் காதருகே குனிந்து, "ஏத்திட்டேன்டி" என்றேன்.

"காத்து அடிச்சுதா?"

"அடிச்சுது. அணையல."

"ஆங்" என்று கண்ணை மூடிக்கொண்டாய். அதன்பின் ஒவ்வொரு செவ்வாயும் அப்படித்தான். நான் வந்து சொல்லும்வரை நீ தூங்க மாட்டாய்.

அப்படி ஒரு நாள்தான் சொன்னாய். "அந்தக் கூட்டம் திரும்ப நடக்கும். நீ எனக்காகக் கை தூக்க வேணாம்டி. பிள்ளைய நெனச்சு உனக்கு என்ன தோணுதோ அதைச் செய். நான் கேட்ட கேள்வியை மட்டும் மறக்காமக் கேளு."

முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூட்டம் நடந்தது. அதே அதிகாரி வந்திருந்தாள். மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "அன்னைக்குக் கேள்வி கேட்ட மக்சிக் வரலையா?" என்று கேட்டாள். இனி வர மாட்டாய் என்று தலையை ஆட்டினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் எழுந்தேன். நீ கேட்டபடியே கேட்டேன், தினம் யார் பார்ப்பது என்று. கேமரா உண்டு, காவலுக்கு ஆள் உண்டு என்றாள். அதோடு, ஊரே தேர்ந்தெடுக்கும் ஆள்கள் முறை வைத்து உள்ளே போய், அளக்கும் கருவியைத் தங்கள் கையாலேயே பிடித்துப் பார்க்கலாம், அந்த அளவைப் பசாரில் எழுதி ஒட்டுவோம் என்றாள். சொன்ன பொருள்களைத் தவிர வேறு எதுவும், உலைக் கம்பியோ வேறொன்றோ, ஊரைத் திரும்பக் கேட்காமல் வராது. கோயில் பேச்சு இதில் இல்லை. எல்லாவற்றையும் எழுத்தில் கொண்டு வந்திருந்தாள்.

"முறை வெச்சுப் பார்க்கிறவங்க செத்துப் போயிட்டா?" என்று கேட்டேன். மண்டபம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "அவங்க முறையை இன்னொருத்தர் எடுத்துக்கணும்" என்றாள்.

நான் உட்கார்ந்துவிட்டேன். கை தூக்கச் சொன்னபோது கயலை நினைத்தேன். நாளைக்கு அவளுக்கோ, அவள் பெறப்போகும் பிள்ளைக்கோ அந்த மருந்து தேவைப்படாது என்று எனக்கு யார் உறுதி சொல்வது? அதைத் தேடி ஓடுவோம், முடிந்ததும் வேறு யாராவது வீட்டுப் பின்னால் போட்டுக்கொள்ளட்டும் என்போமா? பயம் போகவில்லையடி. பயத்தோடுதான் தூக்கினேன். உனக்காகத் தூக்கவில்லை, நீயே வேண்டாம் என்றாய். தூக்காதவர்களும் நிறையப் பேர். கோயில் போச்சே என்று தலைவர் என்னை முறைத்த முறைப்பில் டுரியானே வெம்பிவிடும். கொஞ்சம் கைகள் கூட இருந்ததால் ஊர் சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள். முறைக்குப் பெயர் கொடுப்பவர்கள் உண்டா என்றபோது முதலில் நான் கொடுத்தேன். எந்தக் கிழமை வசதி என்று கேட்டார்கள். செவ்வாய் என்றேன்.

இன்று செவ்வாய். கிடங்கு எழும்ப இன்னும் காலம் இருக்கிறது, கொட்டகைக்குத்தான் போனேன். கிளம்பும்போது பிஸ்கட் டின்னில் கையை விட்டால் திரி இல்லை, தீர்ந்துவிட்டது. அடியில் விரலுக்குத் துணி தட்டுப்பட்டது. உன் வீட்டுக்காரர் வேட்டியில் ஒரு முழத் துண்டு, கிழிக்காமல், உருட்டாமல், நன்றாகத் துவைத்து மடித்து வைத்திருக்கிறாய். யாருக்கென்று கேட்க வேண்டியதில்லை.

கொட்டகையில் உட்கார்ந்து உருட்டினேன். தளர்வாகத்தான் வந்தது, பிரித்து உருட்ட நீ இல்லை. காற்று அடித்தது. இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு அம்மனுக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். திரியில் சுடர் பிடித்துக்கொண்டது.

திரும்பி வரும்போது கால் பழக்கத்தில் உன் வீட்டு வாசலில் போய் நின்றது. முன்னறையில் கட்டில் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஏத்திட்டேன்டி. தூங்கு.